கீச்சிடும் லீஃப் ஸ்பிரிங்: முதலில் எண்ணெய்ப் போத்தலைக் கீழே வையுங்கள்

பழைய கார் வைத்திருப்பவனுக்கு ஊரே வைத்தியர். வேகத்தடை மேல் ஏறி இறங்கும்போது பின்பக்கம் கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் போதும், பழம் விற்கிறவர் முதல் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவர் வரைக்கும் "மெத் தெல்வில்!" என்பார்கள், எண்ணெய் போடப்பா என்று. மொரீசியஸில் கிரியோலில் சொல்கிறார்கள், தமிழ்நாட்டில் தமிழில் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிர். சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரியும் வரைக்கும் எண்ணெயைத் தொடவே தொடாதீர்கள்.

என்னிடம் இருப்பது 1098 சிசி எஞ்சின் போட்ட மோரிஸ் மைனர். அந்த எஞ்சின் 1962-இல்தான் வந்தது, அதை வைத்து வண்டியின் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் நான் இருக்கும் இந்த மொரீசியஸ் தீவில் டாக்சியாகக்கூட ஓடிய வண்டி இது, அதனால் இதைப் பார்த்தாலே பெரியவர்களுக்கு ஏதாவது ஒரு கதை ஞாபகத்துக்கு வந்துவிடும், சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அலெக் இசிகோனிஸ் 1948-இல் இதைக் கொண்டுவந்தபோது முன்பக்கத்துக்கு டார்ஷன் பார், ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் என்று அன்றைக்குப் புதுசாக இருந்ததையெல்லாம் போட்டார். பின்பக்கத்துக்கு மட்டும் குதிரை வண்டிக் காலத்திலிருந்து வருகிற அதே பட்டை ஸ்பிரிங், அதாவது லீஃப் ஸ்பிரிங்தான். விலை மலிவு, எடை தாங்கும், அச்சையும் அதுவே பிடித்துக்கொள்ளும், தனியாக வேறு கம்பிகள் வேண்டாம். குறை சொல்ல ஒன்றுமில்லை, வயதானால் கத்தும் என்பதைத் தவிர.

ஏன் கத்துகிறது என்று பார்க்க, வண்டிக்குப் பின்னால் குனிந்து உள்ளே டார்ச் அடித்தாலே போதும். மேலே நீளமான ஒரு பட்டை, இரண்டு முனையிலும் சுருட்டி வளையமாகக் கண் வைத்திருக்கும். அதற்குக் கீழே ஒன்றைவிட ஒன்று குட்டையாகப் பட்டைகள், பழைய மைனரில் ஏழு, பிந்தியவற்றில் ஐந்து. எல்லாவற்றையும் நடுவில் ஒரு சென்டர் போல்ட் கோத்து வைத்திருக்கும், யூ எழுத்து மாதிரி வளைந்த யூ போல்ட்டுகள் அந்தப் பட்டைக்கட்டை அச்சோடு சேர்த்து இறுக்கும். முன் கண் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், புஷ் என்கிற ரப்பர் வளையத்தோடு நிலையாக உட்கார்ந்திருக்கும். பின் கண் ஷேக்கிள் என்கிற ஆடும் இணைப்பில் தொங்கும், ஏனென்றால் பட்டை நிமிரும்போது நீளும், வளையும்போது குறையும், அந்த நீளத்துக்கு எங்காவது இடம் கொடுக்க வேண்டுமே. அப்படி நிமிர்ந்து வளையும் ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டை இன்னொன்றின் மேல் கொஞ்சமே கொஞ்சம் வழுக்குகிறது, அதுவும் முனைகளில்தான் அதிகம். நடுவில் கிரீஸ் காய்ந்து, துரு பூத்து, கரும்பு லாரிகள் கிளப்பிய தூசியும் சேர்ந்துவிட்டால் அந்த வழுக்கல் சீராக இருக்காது. ஒட்டிக்கொள்ளும், பிறகு சட்டென்று விடும், மறுபடி ஒட்டும், இப்படி ஒரு நொடிக்குள் எத்தனையோ தடவை. கரும்பலகையில் சாக்பீஸ் கீச்சிடுவதும் இதே சங்கதிதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த உராய்வு முழுக்க முழுக்கக் கெட்டது என்று நினைக்க வேண்டாம். வண்டி ஒரு குழியில் விழுந்து எழுந்தபின் ஆடிக்கொண்டே போகாமல் அடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஷாக் அப்சார்பர் பரவலாக வருவதற்கு முன்பு வண்டியை அடக்கியதே பெரும்பாலும் இந்தப் பட்டைகளின் உராய்வுதான். மைனரில் நெம்புகோல் மாதிரிக் கை வைத்த ஹைட்ராலிக் ஷாக் உண்டு, ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதற்குள் எண்ணெய் மிச்சமிருக்கிறதா என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஷாக் செத்த வண்டியில் பட்டையையும் எண்ணெயில் குளிப்பாட்டினால் சத்தம் போகும், கூடவே வண்டி தொட்டில் மாதிரி ஆடவும் தொடங்கும்.

சரி, சத்தம் எங்கே? எனக்கு முதல் துப்புக் கொடுத்தது இந்த ஊர் வானிலை. க்யூர்பிப் மேட்டில் மழை பெய்துகொண்டே இருக்கும் நாட்களில் வண்டி பூனை மாதிரிப் போகும். அங்கிருந்து மோட்டார்வேயில் இறங்கி போர்ட் லூயிஸ் வெயிலுக்கு வந்து சேர்ந்து, ஈரம் காய்ந்ததும் ஆரம்பிக்கும் கச்சேரி. ஈரத்தில் சத்தம் அடங்குகிறது என்றால் இரண்டு பரப்புகள் உலர்ந்து உரசுகின்றன என்று அர்த்தம், அது பட்டையாகவும் இருக்கலாம், ரப்பர் புஷ்ஷாகவும் இருக்கலாம். மழையில் நனைந்தபின்னும் அதே சத்தம் என்றால் வேறெங்கோ தேட வேண்டும்: புகைக்குழாய் தொங்கும் கொக்கி, ஹேண்ட் பிரேக் கேபிள், டிக்கி மூடியின் ரப்பர். மைனர்காரர்கள் மறந்துபோகும் ஒன்று சீட்டு. சீட்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கீச்சிடுவதைக் கேட்டுவிட்டுப் பின்பக்கத்தையே கழற்றிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். யாரும் உட்காராமல் வெளியே நின்று வண்டியை அமுக்கிப் பாருங்கள், அதிலேயே சீட்டு வழக்கு முடிந்துவிடும்.

மழை கொடுத்த அதே துப்பை வீட்டு வாசலிலேயே உண்டாக்கலாம். துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே போத்தல் ஒன்று, அதில் தண்ணீரும் துளி சோப்பும். ஒருவர் டிக்கிப் பக்கம் நின்று வண்டியை மேலும் கீழும் அமுக்க வேண்டும், இன்னொருவர் பக்கவாட்டில் குனிந்து ஒரு துண்டு தோட்டத்துக் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை ஒவ்வோர் இடமாக நீட்டிக் கேட்க வேண்டும். சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். முன் கண்ணில் அடித்து அமுக்குங்கள், சத்தம் மாறவில்லையா, ஷேக்கிளின் மேல் முனை, பிறகு கீழ் முனை, கடைசியாகப் பட்டை முனைகள். எதில் அடித்ததும் சத்தம் கொஞ்ச நேரம் நின்றதோ அவன்தான் ஆள். மொத்தமாக எல்லா இடத்திலும் அடித்துவிட்டால் ஒன்றும் தெரியாது, அதனால் பொறுமை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ரோஸ் ஹில்லில் ஒரு மாமா இருக்கிறார், உறவு இல்லை, ஆனால் அந்தத் தெருவே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். இளவயதில் இந்த வண்டிகளிலேயே கை கறுத்தவர், இப்போது வேலையை விட்டுவிட்டார், வாயை விடவில்லை. "என்ன மாமா, பட்டை இப்படிக் கத்துதே" என்று கேட்டதற்கு என் வண்டியை இரண்டு தடவை அமுக்கிவிட்டுச் சொன்னார்: "தம்பி, கத்துறது பட்டை இல்லப்பா, பக்கத்துல இருக்கிற ரப்பர். பட்டைக்கு வீணாப் பேரு கெட்டுப்போச்சு." அவர் சொன்னது சரிதான். மெல்லிசாகக் கீச்சென்று வந்தால் பட்டைமுனை, கனமாக முனகுகிற மாதிரி, பழைய மரக்கதவு திறக்கிற தொனியில் வந்தால் ரப்பர் என்று அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். எல்லா நேரமும் அது பொருந்தாது, சோப்புத் தண்ணீரைத்தான் நான் நம்புவேன், ஆனாலும் அன்றைக்கு இரண்டும் ஒரே இடத்தைக் காட்டின: இடது பக்க ஷேக்கிள்.

ரப்பர் என்றால் அங்கே எஞ்சின் ஆயிலும் சாதாரண கிரீஸும் விஷம். பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் இயற்கை ரப்பரைப் பிடித்து ஊதவைக்கும், பிறகு பிசுபிசுவென்று மெத்தாக்கிவிடும். போட்ட அன்றைக்குச் சத்தம் நிற்கும், அதனால்தான் இந்த வைத்தியத்துக்கு இவ்வளவு நல்ல பெயர். ஆனால் சில மாதத்தில் புஷ் பிதுங்கி வெளியே வரும், ஷேக்கிள் ஆடும், இரும்போடு இரும்பு இடிக்கும், அப்போது வருவது கீச்சு இல்லை, டங் டங். தற்காலிகமாக ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் சிலிக்கோன் ஸ்பிரே, இல்லையேல் பிரேக் வேலைக்கு விற்கிற சிவப்பு ரப்பர் கிரீஸ். நிரந்தரமான வைத்தியம் புது புஷ்தான். மைனரின் ஷேக்கிளில் ஒவ்வொரு கண்ணுக்கும் பாதி பாதியாக இரண்டு ரப்பர் துண்டுகள், பக்கத்துக்கு நான்கு, ஆக எட்டு. விலையைப் பார்த்தால் எண்ணெய்க்குச் செலவழித்த காசே அதிகமாக இருக்கும்.

உதிரிபாகத்துக்கு இங்கிலாந்திலிருந்துதான் பெரும்பாலும் வரவழைக்கிறோம். இந்த வண்டி 16 லட்சத்துக்கும் மேல் தயாரானது, அதனால் இன்றைக்கும் ஸ்பிரிங் செட்டிலிருந்து புஷ் வரைக்கும் புதுசு கிடைக்கிறது. இலங்கை வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும், அங்கே மோரிஸ் மைனருக்கு உதிரிபாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய காலம் உண்டு. பாலியூரித்தேன் புஷ் வாங்கலாமா என்று என் மச்சான் கேட்டான். வாங்கலாம், ரப்பரைவிட உழைக்கும், எண்ணெய்க்கும் அவ்வளவு பயப்படாது, ஆனால் உலர்வாகப் போட்டால் அதுவே ரப்பரைவிடப் பலமாகக் கத்தும். கூடவே வரும் சிலிக்கோன் கிரீஸை உள்ளே தடவித்தான் போட வேண்டும். மெதுவாகப் போகிற வண்டிக்கு எனக்கு ரப்பரே போதும், பயணம் கொஞ்சம் மென்மையாக இருக்கும்.

புஷ் மாற்றும்போது பலரும் கவனிக்காத இடம் ஒன்று. வண்டி தூக்கி நிற்கும்போதே நட்டைக் கடைசி வரை இறுக்கிவிடக் கூடாது. முன் கண்ணில் இருக்கிற மாதிரியான ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொண்டுதான் வேலை செய்கிறது. சக்கரம் தொங்குகிற நிலையில் இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் ஏற்கனவே முறுக்கிய நிலையிலேயே இருக்கும், ஒவ்வொரு குழியிலும் இன்னும் முறுக்கும், சீக்கிரம் கிழியும், கிழிவதற்கு முன் முனகும். கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கிவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிற்கவைத்து, நாலு தடவை அமுக்கி உட்காரவைத்து, பிறகு ஸ்பேனரைப் போடுங்கள்.

அடியில் இருக்கும்போதே சேஸிஸையும் குத்திப் பார்த்துவிடுங்கள். மைனரில் துரு முதலில் தேடிப் போகும் இடங்களில் ஒன்று பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் பகுதிதான். கடலோரத்து டாமரின் பக்கம் உப்பளம் வைத்துப் பிழைத்த அளவுக்கு உப்பு இருக்கிற ஊர் நம்முடையது, மேட்டிலோ ஓயாத மழை, இரண்டுக்கும் நடுவே இந்த மெல்லிய தகரம் என்ன செய்யும்? மச்சான் வண்டியை ஒரு கராஜில் விட்டு வாங்கியபோது அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புத் தார்ப்பூச்சு பளபளவென்று இருந்தது, பார்க்க அழகு. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், ஷேக்கிள் மாட்டும் பெட்டிக்குள் கைப்பிடி வரை போய்விட்டது. பூச்சு, அதற்குப் பின்னால் துருப்பொடி, அதற்குப் பின்னால் காற்று. அவன் வண்டியில் கீச்சிட்டது பட்டையும் இல்லை, ரப்பரும் இல்லை, அந்தப் பெட்டியே அசைந்து கத்தியிருக்கிறது. இதற்கு எண்ணெய் போட்டு என்ன, சந்தனம் போட்டு என்ன. வெட்டி எடுத்துவிட்டு நல்ல தகடு வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும், ஃபிட்னெஸ் சோதனைக்குக் கொண்டுபோகும் முன் அல்ல, அடுத்த தடவை ஓட்டுவதற்கு முன்.

இப்போது உண்மையிலேயே பட்டைதான் கத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் உடம்பைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சை மட்டும் கீழே தொங்க விடுங்கள். சுமை போனதும் பட்டைகள் தளர்ந்து முனைகளில் இடைவெளி விடும், தட்டையான ஸ்க்ரூடிரைவரை மெதுவாக நுழைத்தால் இன்னும் கொஞ்சம் திறக்கும். கம்பி பிரஷால் தேய்த்து, பழைய ஆக்சா பிளேடை உள்ளே விட்டு இழுத்தால் எத்தனை வருஷத்து மண் வருகிறது பாருங்கள், எனக்குச் செம்மண் நிறத்தில் துருவும் கரும்புத் தழையும் மாறி மாறி வந்தன. காற்று அடித்துச் சுத்தம் செய்தபின் அதே பிளேடின் நுனியில் கிராஃபைட் கிரீஸ் எடுத்து முனைகளுக்குள் தள்ளிவிடுங்கள். கிராஃபைட், அல்லது மாலிப்டினம் கலந்த கிரீஸ் ஏன் என்றால், கிரீஸ் காய்ந்து போனாலும் அந்தக் கறுப்புத்தூள் பட்டைகளுக்கு நடுவே தங்கி வழுக்கலைக் கொடுக்கும். நிறையப் போட வேண்டாம், வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். வெளியே ஒட்டியிருக்கும் கிரீஸ் தூசியைத்தான் கூப்பிடும்.

பழைய சர்வீஸ் ஸ்டேஷன்களில் டீசலும் கழிவு ஆயிலும் கலந்து அடியில் பீச்சி அடிப்பார்களே, அந்தப் பழக்கம் இங்கேயும் உண்டு, தமிழ்நாட்டிலும் பார்த்திருப்பீர்கள். துருவுக்கு நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பட்டையோடு நிற்பதில்லை, ரப்பரையும் நனைக்கும், அச்சு வழியே ஓடிப் பிரேக் டிரம் பக்கமும் போகும். பிரேக் ஷூவில் எண்ணெய் பட்ட வண்டியோடு ஷாமரேல் மலை இறக்கத்தில் இறங்கிப் பாருங்கள், கீச்சுச் சத்தமே தேவலை என்று தோன்றும்.

இவ்வளவு செய்தும் போகவில்லையென்றால் ஸ்பிரிங்கையே கழற்ற வேண்டியதுதான். சென்டர் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் பட்டைக்கட்டை பெரிய ஜி கிளாம்ப்பால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், வளைவுகள் ஒவ்வொன்றும் வேறு வேறு, விட்டால் தெறித்து விரியும், முகம் பக்கத்தில் இருந்தால் அவ்வளவுதான். பிரித்தபின் ஒவ்வொரு பட்டையின் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீழ்ப் பட்டையின் முனை உட்கார்ந்திருந்த இடத்தில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருக்கும், விரல் நகத்தால் தடவினால் தட்டும். அந்த முனைதான் கத்தி மாதிரி மேல் பட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த முனையின் கூர்மையை அரத்தால் மழுக்கி உருட்டினாலே பாதிச் சத்தம் போய்விடும். பள்ளத்தை மட்டும் கிரைண்டர் வைத்து ஆழமாகத் தோண்டிச் சமன் செய்யாதீர்கள், சூடு காட்டாதீர்கள், வெல்டிங் நெருப்பைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். பதம் போட்ட எஃகு, பதம் போனால் உடையும். சென்டர் போல்ட் ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று ஒரு தடவை துடைத்துப் பாருங்கள், இருந்தால் அந்தப் பட்டை குப்பைக்கு. பெயிண்ட் வெளிப்புறத்துக்கு மட்டும், அதுவும் மெல்லிசாக. பட்டைகளுக்கு நடுவே கெட்டியாகப் பெயிண்ட் அடித்தால் அது உதிர உதிர யூ போல்ட் தளரும்.

யூ போல்ட் பழசைத் திரும்பப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு தடவை இழுத்து நீண்ட போல்ட், மரையும் துருப்பிடித்தது, பின் அச்சையே அதுதானே பிடித்திருக்கிறது. புதுசு போட்டு, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இருக்கிற ரப்பர் பேடையும் மாற்றி, கொஞ்ச நாள் ஓட்டியபின் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். பேட் அமுங்கிவிடுவதால் கட்டாயம் ஒரு சுற்று ஏறும்.

சிலர் பட்டைக்கட்டு முழுவதையும் மூடித் தோல் உறை தைத்துப் போட்டு, உள்ளே கிரீஸ் அடிக்கிறார்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இது வழக்கம், காய்ந்த ஊரில் அருமையாக இருக்கும். க்யூர்பிப், வாக்வா பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். உறைக்குள் ஒரு தடவை தண்ணீர் புகுந்துவிட்டால் வெளியே வர வழியில்லை, உள்ளே துரு ஏறுவது கண்ணுக்கும் தெரியாது.

பட்டைகளுக்கு நடுவே வழுக்கும் பிளாஸ்டிக் தகடு வெட்டி வைப்பது இன்னொரு வழி. புது ஸ்பிரிங்குகள் சிலவற்றில் முனையிலேயே அப்படி ஒரு பொத்தான் வைத்து வருகிறது, அவற்றுக்குக் கிரீஸ் தேவையில்லை. பழைய செட்டுக்குத் தகடு வைக்கலாமா என்று மாமாவைக் கேட்டேன், "இரும்புக்கு நடுவுல பிளாஸ்டிக்கா, உங்க தலைமுறையே அப்படித்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இன்னும் விடவில்லை, மச்சான் வண்டிக்கு வெல்டிங் முடிந்ததும் அவன் ஸ்பிரிங்கில் ஒரு பக்கம் தகடும் மறுபக்கம் கிராஃபைட்டும் வைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று அவனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அவன் இன்னும் சரி சொல்லவில்லை.